ஒன்றில் விழாத கை

பெனிஷாவின் வலது கைக்கு இருபத்திரண்டு வருடப் பழக்கம் ஒன்று இருந்தது. பாட்டு எதுவானாலும் முதல் தட்டில் போய் விழுந்துவிடும். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு என்று எண்ணினால் அந்த ஒன்று அவளுடையது. ராயபுரத்துச் சபையில் முந்நூறு பேர் அதற்காகத்தான் காத்திருப்பார்கள். அவள் கீபோர்டில் அழுத்திக் கொடுத்தால்தான் அவர்களுக்கு வாய் திறக்கும். கொடுத்த பிறகும் வேலை முடியாது. முன்வரிசைப் பெரியவர்கள் ஒவ்வொரு வரியின் கடைசியிலும் இழுப்பார்கள். அவளும் கூடவே இழுக்க வேண்டும். பாஸ்டர் பாட்டை நடுவில் நிறுத்தி இரண்டு வார்த்தை ஜெபிப்பார். அந்தக் குரலுக்கு அடியில் மெத்தை விரித்த மாதிரி சுரத்தைப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். அவர் ஏறினால் ஏற வேண்டும், தழுதழுத்தால் தணிய வேண்டும். யார் எங்கே தடுமாறினாலும் அங்கே ஓடிப்போய்த் தாங்குகிறவள்தான் சபைக்கு நல்ல கீபோர்டுக்காரி. பெனிஷா ரொம்ப நல்ல கீபோர்டுக்காரி.

அவளுடைய அப்பா ஜெபசிங் பதினெட்டு வயதில் திருநெல்வேலிப் பக்கத்து நாசரேத்திலிருந்து ரயிலேறி வந்தவர். சொந்தக்காரர் கடையில் எட்டு வருடம் மூட்டை பிரித்து, பிறகு கல்மண்டபத்தில் பிளாஸ்டிக் வாளி, குடம், மீன் கூடை என்று சொந்தமாக மொத்தக் கடை போட்டார். சபையில் வாசித்துக்கொண்டிருந்த அண்ணன் ஒருவர் துபாய்க்குப் போய்விட, இடம் காலியாக இருக்கக் கூடாதென்று பதினொரு வயது பெனிஷாவை அங்கே உட்கார வைத்ததும் அவர்தான். பிடிக்கிறதா என்று யாரும் கேட்கவில்லை. பிடித்துப்போனது அவளுடைய அதிர்ஷ்டம். பி.காம் படித்தாள். கடை தம்பிக்குப் போனது. அவள் துறைமுக வாசலுக்கு எதிரே, சரக்குக்குச் சுங்கக் காகிதம் பார்க்கிற ஒரு கிளியரிங் ஏஜென்ட் ஆபீசில் வேலைக்குச் சேர்ந்தாள். இருபத்தைந்தில் ஜெரிக்குக் கட்டிக்கொடுத்தார்கள். எண்ணூரில் கம்பெனி வேலை, ஷிப்டு, திருவொற்றியூர் தேரடிப் பக்கம் வாடகை வீடு. எட்டு வருடமாகப் பிள்ளை இல்லை. அதையும் சபைதான் ஜெபத்தில் வைத்திருந்தது, மைக்கில், பெயர் சொல்லி. தன் பெயருக்குக் கீழேயும் அவளே சுரத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

நிலவனை அவளுக்கு ஆபீசில்தான் பழக்கம். வியாசர்பாடிக்காரன், இருபத்தாறு வயது, கன்டெய்னர் யார்டில் வாசல் பதிவு பார்க்கிறவன். சீட்டுகளோடு வாரத்துக்கு மூன்று நாள் வருவான். ஆபீஸ் தோழி ஒருத்தியின் கல்யாண வரவேற்பில், வர வேண்டிய கீபோர்டு ஆள் வராமல்போய், பெனிஷா சமாளித்து வாசித்ததைப் பார்த்துவிட்டு மறுநாளே வந்து நின்றான். ‘முகத்துவாரம்’ என்று பேண்டு ஒன்று வைத்திருக்கிறார்களாம். அவன் பேஸ் கிடார் வாசித்துக்கொண்டே பாடுகிறான், மதி டிரம்ஸ், ஜீஷான் கிடார். எண்ணூர்க் கழிமுகத்தில் அனல்மின் நிலையச் சாம்பலும் எண்ணெயும் கலக்கிறதைப் பற்றி, லாரி வரிசையைப் பற்றி, மெட்ராஸ் பாஷையிலேயே பாட்டு. வாத்தியம் மட்டும் ரெகே. ஜமைக்கா சங்கீதம், அதுவும் துறைமுகத்து ஜனங்களுடையதுதான் என்றான். கீபோர்டு இல்லாமல் நொண்டுகிறது, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வந்து பார் என்றான்.

எர்ணாவூரில் லேத் பட்டறை ஒன்றின் மாடியில் ஒத்திகை. ஞாயிறன்று பட்டறை மூடியிருக்கும். இரும்புப் படி. சன்னலைத் திறந்தால் சாம்பல், மூடினால் வேர்வை. காலை ஆராதனை முடித்து, அப்பா வீட்டில் சாப்பிட்டு, அதே சபைப் புடவையோடு போய் உட்கார்ந்தாள். நிலவன் விளக்கியது ரொம்பச் சின்ன விஷயம். எண்ணிக்கையில் இரண்டிலும் நாலிலும் மட்டும் வலது கை. தொட்டதும் எடுத்துவிட வேண்டும். ஒன்றில் எதுவும் கிடையாது, அது வெறுமனே போக வேண்டும். பாட்டு முழுக்க இவ்வளவுதான். யாரையும் பார்க்க வேண்டாம், யார் என்ன செய்தாலும் நகர வேண்டாம்.

இதில் என்ன இருக்கிறது என்று நினைத்தாள். பன்னிரண்டு நொடிகூட அவளால் தாங்க முடியவில்லை. ஒன்று வந்ததும் கை தானாக விழுந்தது. விழாமல் இழுத்துப் பிடித்தால் இரண்டு முந்திக்கொண்டது. நிலவன் பாட ஆரம்பித்தானோ இல்லையோ, அவன் வாயைப் பார்த்து, அவன் மூச்சு வாங்குகிற இடத்தில் இவளும் நின்று காத்திருந்தாள். பாட்டின் கடைசியில் விரலை எடுக்காமல் சுரத்தை நீட்டினாள். மதி குச்சிகளைத் தொடையில் வைத்துக்கொண்டு சொன்னான்.

“இன்னாக்கா, காணிக்கப் பை சுத்தி வர்ற வரிக்கும் இஸ்துகினே இருப்பியா?”

ஜீஷான் சிரித்துச் சிரித்துக் கிடாரைக் கீழே வைத்துவிட்டான். அவளும் சிரித்தாள். பஸ்ஸில் திரும்பும்போதுதான் எரிந்தது. இருபத்திரண்டு வருடம் வாசித்தவளுக்கு நாலு வரை எண்ணத் தெரியவில்லை. அதைவிட மோசமான ஒன்றும் அன்றைக்குத் தெரிந்தது. இத்தனை வருடத்தில் தனக்கென்று ஒரு வேகம் அவளுக்கு இருந்ததே இல்லை. எல்லாம் மற்றவர்களுடைய வேகம். இவர்களோடு ஒரு மேடையில், தன் வேகத்தில், ஒரே ஒரு தடவையாவது நின்றுவிட வேண்டும் என்கிற ஆசை அந்தப் பஸ்ஸில்தான் பிடித்தது. அதன்பிறகு அவளுக்கு அது ஒன்றுதான் குறி.

விடியற்காலை ஐந்தரைக்குத் தண்ணீர் பிடித்து வைத்துவிட்டு வீட்டுக் கீபோர்டு முன் உட்காருவாள். இரவு ஷிப்டு முடிந்த நாட்களில் ஜெரி ஏழு மணிக்கு வந்து படுப்பான், அதனால் காதில் இயர்போன். வெளியே கேட்பது பிளாஸ்டிக் கட்டையின் டக், டக் மட்டும்தான். வீட்டுக்குள் பல்லி ஒன்று நிறுத்தாமல் கத்துகிறது, அடிக்கவும் முடியவில்லை என்று ஜெரி தலையணைக்குள் முனகுவான். போனில் தட்டுத் தட்டாக எண்ணிக் கொடுக்கும் மெட்ரோனோம் போட்டு, ஒரே ஒரு சுரக்கட்டை ஐந்து நிமிடம் நிறுத்தாமல். மூன்றாவது நிமிடத்தில் தோள் ஏறிவிடும், மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பது தெரியும், கை ஓடும். வாரம் முழுக்க ஒட்டி ஒட்டிச் சேர்த்ததை ஞாயிறு காலை ஆராதனை இரண்டு மணி நேரத்தில் கலைத்துப்போடும். சாயங்காலம் போய் உட்கார்ந்தால் மறுபடி முதலிலிருந்து. நீ காலையில ஒட்ச்சிட்டு வர்ற, நாங்க சாயங்காலம் ஒட்டிகினு உக்காந்துகீறோம் என்று நிலவன் ஒருநாள் அலுத்துக்கொண்டான். மூன்று மாதம் இப்படியே போனது.

வழி ஆபீசில் கிடைத்தது. எல்லாம் கம்ப்யூட்டருக்குப் போன பிறகும் அங்கே முத்திரைக்குக் குறைவில்லை. டெலிவரி உத்தரவு, அதிகாரக் கடிதம், நகலுக்கு நகல் என்று ஒரு நாளைக்கு இருநூறு முந்நூறு குத்தல். மாசக் கடைசியில் ஒருநாள் கட்டுக்கட்டாக வந்த காகிதங்களுக்கு முத்திரை குத்திக்கொண்டிருந்தவள் சட்டென்று நின்றாள். கை முதலில் மைத்திண்டுக்குப் போகிறது. சத்தமே இல்லை. அடுத்து காகிதம், டப். மறுபடி திண்டு, சத்தமில்லை. மறுபடி டப். காகிதத்தில் ஒரு கணம் அதிகமாக நின்றாலும் மை கசிந்து எழுத்து அழிந்துவிடும், அதனால் தொட்டதும் எடுத்துவிடுகிறாள். ஒன்று எங்கேயும் தொலையவில்லை. கை அங்கே போய்விட்டுத்தான் வருகிறது, சத்தம் போடாமல் போய்விட்டு வருகிறது. பத்து வருடமாகச் செய்கிற வேலை. எதிரே இருந்த சைமாவிடம் வேறு கட்டு இருந்தால் கொடு என்று கேட்டு வாங்கி அவளுடையதையும் குத்தினாள். உனக்கு என்ன கிறுக்கா என்று சைமா கேட்டாள்.

மறுநாள் காலை, மைத்திண்டுக்குப் பதிலாகக் குதிகால். ஒன்று வரும்போது குதிகால் பாயில் அமரும், கை சும்மா இருக்கும். இரண்டில் கை. காலுக்கு ஒன்றைக் கொடுத்ததும் கை அதை மறந்துவிட்டது. மெட்ரோனோமை நாலு சுற்று நிறுத்தி நாலு சுற்று ஒலிக்க வைத்தாள். மௌனத்தில் வாசித்துக்கொண்டே போய், அது திரும்ப ஒலிக்கும்போது தன் விரலுக்கு அடியிலேயே அது வந்து நிற்கிறதா என்று பார்ப்பாள். பிறகு எட்டுச் சுற்று மௌனம். பிறகு பதினாறு. ஆவணி வந்தபோது மெட்ரோனோம் திரும்பி வருகிற கணத்தில் அது கேட்காமலேயே போனது. அவளுடைய விரலும் அதுவும் ஒரே சத்தம். எர்ணாவூர் மாடியில் மதி வேண்டுமென்றே முந்திப் பார்த்தான், பிந்திப் பார்த்தான், நடுவில் குச்சியைக் கீழே போட்டான். அவள் அசையவில்லை. அன்றைக்குத்தான் நாலு பேரும் முதல் தடவையாக ஒன்றாக ஆடுகிற மாதிரி இருந்தது. பாட்டு நிற்காமல் பதினைந்து நிமிடம் சுழன்றது.

“கடியாரம் தோத்துடும்க்கா உன்கிட்ட” என்றான் மதி. அவளுக்கு அதைவிடப் பெரிய பாராட்டை யாரும் தந்ததில்லை.

அதற்கு விலை சபையில் கேட்டார்கள். பெரியவர்கள் இழுத்த இடத்தில் அவள் கை காத்திருக்க மறுத்தது. வரி முடிவதற்குள் அடுத்த வரி வந்துவிட்டது. ஜனங்கள் மூச்சு வாங்க ஓடி வந்து சேர வேண்டியதாயிற்று. பாஸ்டர் ஜெபத்தில் தழுதழுத்தபோது கீழே சுரம் கல் மாதிரி இருந்தது. அவர் நேரே கல்மண்டபம் கடைக்குப் போய், பாப்பாவின் வாசிப்பில் இப்போது ஒரு அடங்காமை தெரிகிறது என்று ஜெபசிங்கிடம் சொல்லிவிட்டு வந்தார். அப்பா அவளைக் கூப்பிட்டனுப்பினார். வாளிகளுக்கு நடுவே ஸ்டூலில் உட்கார வைத்து, குரலை உயர்த்தாமல் சொன்னார்.

“நீ அவங்க பின்னால போவணும்ட்டி. அவங்கள உன் பின்னால இழுக்கப்படாது.”

அவள் மறு ஞாயிறு முயன்று பார்த்தாள். முடியவில்லை. கை வளைய மறந்துவிட்டிருந்தது. அடுத்த வாரம் கீபோர்டில் ஜெனிஷ் என்று ஒரு காலேஜ் பையன் உட்கார்ந்திருந்தான். இழுக்கிறவர்களோடு நன்றாக இழுத்தான். பெனிஷா மூன்றாவது வரிசையில் அமர்ந்து பாடினாள். பக்கத்தில் இருந்தவர்கள் அவள் கையைப் பிடித்து, எல்லாம் நன்மைக்குத்தான், ஓய்வெடு, ஒரு குழந்தை வரட்டும் என்றார்கள். இருக்கட்டும், எர்ணாவூர் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

ஐப்பசியில் ரெயூனியன் தீவிலிருந்து அழைப்பு வந்தது. இந்துமாக் கடலில் ஒரு தீவு, பிரெஞ்சுக்காரர்களுடையது, எத்தனையோ தலைமுறைக்கு முன் போன தமிழர்கள் இருக்கிறார்கள், தை மாதம் ஒரு இசை விழா. ஜீஷானின் லேப்டாப்பில் ஏழு பாட்டையும் பதிவு செய்து அனுப்ப வேண்டும் என்று நிலவன் சொன்னான். அனுப்புவதற்குத் தனித்தனியாக எடுத்தால் சுத்தமாக இருக்குமாம். கீபோர்டை மட்டும் தனியாக, மூன்று ஞாயிறு, தொடக்கம் முதல் கடைசி வரை ஒரு பிசிறில்லாமல் வாசித்துக் கொடுத்தாள். சில பாட்டுக்கு ஒரே தடவைதான். எல்லாருக்கும் பாஸ்போர்ட் இருக்கிறதா என்று ஜீஷான் பொதுவாகக் கேட்டதும் அதே வாரம் விண்ணப்பித்தாள். ஜெரி கையெழுத்துக் கேட்ட இடத்திலெல்லாம் போட்டான். போய்விட்டு வா, உங்க அப்பாவிடம் மட்டும் நான் சொல்ல மாட்டேன் என்றான். போலீஸ்காரர் விசாரிக்க வந்தபோது எதற்கு வெளிநாடு என்றார். வாசிக்க என்றாள். அவர் எதையோ எழுதிக்கொண்டார். மார்கழிப் பிறப்புக்கு முன்பே தபாலில் வந்துவிட்டது. கைப்பையிலேயே வைத்துக்கொண்டு அலைந்தாள். நாள் கூடிவரட்டும், டிக்கெட்டைப் பற்றி அவர்களே பேச்செடுக்கட்டும் என்று காத்திருந்தாள். வாயைத் திறந்து கேட்டால் அலைகிற மாதிரி ஆகிவிடுமோ என்று கூச்சம்.

கிறிஸ்துமஸ் முடிந்த ஞாயிறு. படியேறும்போதே மேலே வாசித்துக்கொண்டிருந்தார்கள். பாதிப் படியில் நின்றுவிட்டாள். கீபோர்டு கேட்டது. இரண்டில், நாலில், தொட்டதும் எடுத்து, ஒன்றை வெறுமனே விட்டு, அவ்வளவு அழகாக. வேறு யாரையோ கொண்டுவந்துவிட்டார்கள், தன்னைவிட நன்றாக வாசிக்கிற ஒருத்தரை, என்று நினைத்தாள். இரண்டாவது அடி வைக்கும்போதுதான் புரிந்தது, அது அவளே. உள்ளே கீபோர்டு ஸ்டாண்டு மடித்துச் சுவரோரம் சாத்தியிருந்தது. அவள் இடத்தில் ஸ்டூல், ஸ்டூல்மேல் லேப்டாப். மதி காதில் ஒயர் மாட்டிக்கொண்டு அவள் கைக்கு ஒத்து அடித்துக்கொண்டிருந்தான்.

அவளைக் கண்டதும் நிறுத்தினார்கள். லேப்டாப்புக்கு அது தெரியாது. அது வாசித்துக்கொண்டே இருந்தது. ஜீஷான் எழுந்துபோய் அமுக்கினான்.

மூன்று டிக்கெட்டுதான் கொடுத்திருக்கிறார்கள் என்று நிலவன் சொன்னான். எழுதிக் கேட்டுப் பார்த்தார்களாம், முடியாது என்று பதில். பாடுகிறவன் போயாக வேண்டும், டிரம்ஸை மெஷினில் போட்டால் நாலு பேர் சிரிப்பார்கள், கிடார் ஆடிக்கொண்டு வாசிக்கிற வேலை. கீபோர்டு ஒன்றுதான் பதிவை ஓட்டினால் ஓடும். அவள் அவ்வளவு சீராக வாசித்திருந்தாள். வேறு யாருடையதாவது இருந்தால் இப்படி வைத்து வாசிக்கவே முடியாது என்றான் மதி. அதை ஆறுதலாகத்தான் சொன்னான்.

“என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே” என்றாள்.

“கேட்டா இன்னாக்கா? உங்க வூட்ல வுட்ருவாங்களா? ஏழு நாளு, மூணு ஆம்பளைங்களோட, ஏரோப்ளேன்ல. உங்க நைனா ஒத்துக்குவாரா? அதான் எதுக்கு உன்ன பேஜாராக்கிகினுன்னு நாங்களே முடிவு பண்ணிட்டோம்” என்றான் நிலவன்.

அவள் கைப்பையைத் திறந்து பாஸ்போர்ட்டை எடுத்து லேப்டாப் மேல் வைத்தாள். புதுசு, முனை மடியாதது. மூன்று பேரும் அதைப் பார்த்தார்கள். யாரும் தொடவில்லை.

நிலவன் கிடாரைக் கழற்றிக் கீழே வைத்தான். பிறகு அவன் குரல் மாறியது. தன் தெருவிலிருந்து வேலைக்காகத் தவிர ஒருவனும் விமானம் ஏறியதில்லை என்றான். அப்பா பக்தவச்சலம் அந்தத் துறைமுகத்திலேயே முப்பது வருடம் மூட்டை ஏற்றினார், ஒரு கப்பலுக்குள் காலெடுத்து வைத்ததில்லை என்றான். தான் விட்டுக்கொடுப்பதா, மதியா, ஜீஷானா, அவளே ஒரு பெயரைச் சொல்லட்டும் என்றான்.

“உனக்கு இது இல்லன்னா கட கீது, வூடு கீது. எங்களுக்கு இன்னாக்கா கீது, இத்த வுட்டா?”

கடை தம்பியுடையது. வீடு வாடகை. அப்பாவிடம் அவளுக்கென்று மிச்சமிருந்தது சபையில் ஒரு முக்காலி, அதையும் இந்த மாடிக்காகத்தான் விட்டாள். இதில் எதைச் சொன்னாலும் அவன் அப்பாவின் முப்பது வருடத்துக்கு முன்னால் சின்னதாகத் தெரியும். அவளுக்கே அது தெரிந்தது. ஒரு பெயரையும் சொல்ல முடியவில்லை. பாஸ்போர்ட்டை எடுத்துப் பையில் வைத்தாள்.

“மேடையில உன் கைதான்க்கா வாசிக்கப் போவுது” என்றான் மதி, படிவரை வந்து. அவள் படியிறங்கினாள்.

பொங்கலுக்கு நாலு நாள் முன்பு நிலவன் போன் செய்தான். ஒரு பாட்டை வேகம் குறைத்துவிட்டார்களாம். பழைய பதிவை இழுத்தால் சத்தம் கரகரக்கிறது. அந்த ஒன்றை மட்டும் புதிதாக வாசித்துத் தர வேண்டும், அக்காவைத் தவிர யாரும் இல்லை என்றான். ஜெரி போகாதே என்றான். அவர்களே திண்டாடட்டும், உனக்கென்ன தலையெழுத்தா என்று கேட்டான். அவள் போகிறேன் என்றாள். ஏன் என்பதை அவனிடம் சொல்லவில்லை.

இரண்டு நாளாக யோசித்து வைத்திருந்தாள். பாட்டு நடுவே, பாட்டு நிற்பதுபோல் நின்று மறுபடி எடுக்கிற இடம் ஒன்று உண்டு. அந்த இடத்தில் மதிக்குத் தாளத்தைப் பிடித்துக்கொள்ளக் கீபோர்டைத் தவிர எதுவும் இல்லை. அங்கே ஒரே ஒரு தடவை கையை ஒன்றில் போட்டுவிட வேண்டும், அடுத்ததை அரை மூச்சு பிந்த வேண்டும். இயர்போனில் கேட்டால் தெரியாது. தீவு மேடையில், ஜனங்களுக்கு முன்னால், மூன்று பேரும் மூன்று திசையில் விழுவார்கள். பழைய கை போதும். இருபத்திரண்டு வருடம் அதைத்தானே செய்தாள்.

மாடியில் மதி மட்டும் லேப்டாப்போடு இருந்தான். தீவுக்குப் போகிற குஷியைக் காட்டாமல் இருக்க ரொம்பப் பாடுபட்டான். டீ வாங்கி வைத்திருந்தான். ஸ்டாண்டை அவனே விரித்து, ஸ்டூலைத் துடைத்துக் கொடுத்தான். அவள் செருப்பைக் கழற்றிவிட்டுக் குதிகாலைத் தரையில் வைத்தாள். தலையாட்டினாள். ஓடியது.

ஒரு சுற்று, இரண்டு சுற்று. நிலவனின் குரல் ஒயரில் பாடிக்கொண்டிருந்தது. அவள் அதைக் கேட்கவே இல்லை. நிற்கிற இடம் வந்தது. எல்லாம் ஓய்ந்தது. இதோ ஒன்று. விரல்கள் கட்டைக்கு மேல் இருந்தன. குதிகால் மட்டும் இறங்கியது. கை அசையவில்லை. இரண்டில் போய்த் தொட்டு எடுத்தது, கச்சிதமாக. அவள் கையைப் பார்த்தாள். அடுத்த ஒன்றில் போடலாம் என்று பார்த்தாள். அதுவும் வெறுமனே போனது. பாட்டு அதன்போக்கில் முடிவுக்குப் போய்ச் சேர்ந்து நின்றது.

“இன்னொரு தடவை எடு மதி” என்றாள்.

“இன்னாத்துக்கு? செமயா கீதுக்கா. ஒரே தபாவுல முட்ச்சிட்ட.”

“சரியா வரல. இன்னொரு தடவை எடு.”

“ஐயே, வோணாங்க்கா” என்று சொல்லிக்கொண்டே அவன் பதிவைச் சேமித்து, லேப்டாப்பை மூடிப் பையில் வைத்து, ஜிப்பை இழுத்தான்.